ஆங்கில 'இட்' எங்கே நிற்கும்?

நான் சிங்கப்பூருக்கு வந்தது 2011இல். மன்னார்குடிப் பக்கம் ஊர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஏர்கான் பராமரிப்பு வேலைக்கு வந்தேன். வீட்டுச் சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி இல்லை. பெரிய கட்டடங்களில் அடித்தளத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), பம்ப், மொட்டைமாடியில் கூலிங் டவர் என்று இருக்குமே, அந்த வேலை. முதல் மூன்று வருடம் கையில் ஸ்பேனர்தான், ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படவில்லை. 'கேன்', 'கேனாட்', 'ஆஃப் ஆல்ரெடி' இந்த மூன்றை வைத்தே காலம் ஓடியது. நான்காம் வருடம் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் அனுப்பிய ஆரம்பகால மின்னஞ்சல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் நம்பர் கண்டென்சர் பம்பில் பேரிங் சத்தம். நிறுத்திவிட்டேன், உதிரிபாகம் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். 'ஐ டர்ன்டு ஆஃப் இட்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே 'பிளீஸ் லுக் இட் ஆஃப்டர்' என்று முடித்திருந்தேன்.

மறுநாள் கட்டடத்தின் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து போன். பேசியவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, ஐம்பது வயது தாண்டியவர். எல்லோருக்கும் அக்கா.

"தம்பி, நீங்க எழுதினது புரிஞ்சிருச்சு. பம்ப்பை நான் பாத்துக்கறேன். ஆனா ரெண்டு எடத்துலயும் 'இட்' எடம் மாறி ஒக்காந்திருக்கு. மேல கடைசியில இருக்கறத நடுவுல போடுங்க, கீழ நடுவுல இருக்கறத கடைசியில போடுங்க. சரியாயிரும்."

மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர் இட்'. சரி, ஆனால் ஏன்? இரண்டிலும் ஒரு வினை, பக்கத்தில் ஒரு குட்டிச் சொல். ஒன்றில் 'இட்' நடுவில் புகுந்துகொள்கிறது, மற்றதில் கடைசியில் போய் நிற்கிறது. கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அப்படித்தான் வரும் தம்பி, காதுக்குத் தெரியும்" என்றார். சின்ன வயதிலிருந்து பேசுகிறவருக்குக் காது சொல்லும். என் காதுக்கு அப்போது மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு சத்தம்தான் தெரியும். அந்த 'ஏன்' எனக்குப் புரிய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று.

முதலில் என் தவறு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் ஒருவனுடைய தவறு இல்லை. எங்கள் டாமில், அதாவது தொழிலாளர் விடுதியில், ரிப்போர்ட் எழுதுகிற பையன்கள் எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள்.

தமிழில் "பம்ப் சத்தம் போட்டது, நிறுத்திவிட்டேன்" என்கிறோம். எதை நிறுத்தினேன் என்று யாரும் கேட்பதில்லை. 'அதை' என்று தனியாகப் போட வேண்டிய அவசியமே இல்லை. சிங்கப்பூரில் பேசுகிற ஆங்கிலமும் இந்த விஷயத்தில் நம் பக்கம்தான். 'பம்ப் நாய்ஸி, ஐ ஆஃப் ஆல்ரெடி' என்றால் சீன சூப்பர்வைசருக்கும் புரியும், மலாய் டிரைவருக்கும் புரியும். அங்கேயும் 'இட்' இல்லை. ஆக, அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று பழகிக்கொள்ளும் சந்தர்ப்பமே நமக்கு வாய்ப்பதில்லை. மின்னஞ்சல் எழுத உட்காரும்போதுதான் 'அடடா, இங்கே இட் போட வேண்டுமே' என்று நினைவு வருகிறது. மறந்துபோன பொருளைப் பையின் மேலே திணிப்பதுபோல அதைக் கடைசியில் ஒட்டிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. இங்கே 'ஆஃப் தி லைட்', 'ஆன் தி ஃபேன்' என்று 'ஆஃப்', 'ஆன்' இரண்டையுமே வினையாக்கிவிட்டார்கள். அதனால் 'ஆஃப் இட்' என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பேச்சு மொழிக்குள் அது ஒழுங்கானதுதான்: அங்கே 'ஆஃப்'தான் வினை, வினைக்குப் பின்னால் 'இட்' வந்திருக்கிறது. முன்னால் 'டர்ன்' வந்ததும் வினை பதவி அதற்குப் போய்விடுகிறது, 'இட்' அதன் பின்னால் போய் நிற்கிறது. நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி இங்கே 2000இல் பிரதமர் கோ சோக் டோங் ஓர் இயக்கத்தையே தொடங்கிவைத்தார். நான் அந்த இயக்கத்துக்கு எதிரி இல்லை. ஆனால் பேச்சு ஆங்கிலத்தைத் தப்பு என்று ஒதுக்குவதைவிட, அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு எழுத்து ஆங்கிலம் பிடிபட்டது.

அப்புறம் நான் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தேன். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு குட்டிச் சொல் சேர்ந்து வருவது) பட்டியல் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கிவந்தேன். அகர வரிசை. 'கால் ஃபார்', 'கால் ஆஃப்', 'கால் ஆன்', 'கால் அப்' என்று வரிசையாக, பக்கத்தில் அர்த்தம். காலையில் டாமிலிருந்து லாரியில் போகிற நாற்பது நிமிடத்தில் பத்து பத்தாக மனப்பாடம் செய்தேன். ஒரு மாதத்தில் எல்லாம் சேர்ந்து கூழாகிவிட்டது. 'கால் ஆஃப்' ரத்து செய்வதா, கூப்பிட்டு அனுப்புவதா? இன்றைக்கும் அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரே முகமுள்ள பத்துப் பேரை வரிசையில் நிறுத்திப் பெயர் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் வரும்?

பிறகு ஒருநாள் தெரிந்துகொண்ட விஷயம் ஆறுதலாக இருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோதே முன்னுரையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் வழக்கம்தான் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய கஷ்டம் என்று. சரி, இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக எல்லோருக்கும் இதே பாடுதான் என்று தோன்றியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் குட்டிச் சொல் யாருடைய ஆள் என்று கேட்க வேண்டும். வினையின் ஆளா, பின்னால் வரும் பெயரின் ஆளா? 'டர்ன் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' வினையின் ஆள். இரண்டும் சேர்ந்துதான் 'நிறுத்து' என்ற ஒரே செயல். இலக்கணத்தில் அதை அட்வெர்ப் என்கிறார்கள். 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'ஆஃப்டர்' பின்னால் வருகிற பெயரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது பிரிபொசிஷன். பெயரின் கையைப் பிடித்தவர் பெயரை விட்டு நகர மாட்டார். அதனால் 'ஆஃப்டர் இட்' சேர்ந்தே இருக்கும். வினையின் ஆளாக இருந்தால் நடுவில் ஒருவரை உட்காரவைக்க மறுப்பதில்லை. 'டர்ன் ஆஃப் தி பம்ப்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி பம்ப் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் பெயர் போய் 'இட்', 'தெம்', 'ஹிம்', 'மீ' மாதிரி சொல் வந்துவிட்டால் நடு இருக்கை மட்டும்தான். வேறு வழியே கிடையாது.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசி இடம் முன்சீட்டு மாதிரி; புதுச் செய்திக்கும் கனமான செய்திக்கும்தான் அது. 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த சமாச்சாரம். அதற்கு முன்சீட்டுக் கொடுக்க மாட்டார்கள், இடையில் ஒடுங்கி உட்காரச் சொல்வார்கள். இதே காரணத்தால்தான் பெயர் நீளமாக இருந்தால் நேர்மாறாக ஆகிறது. 'ஜெனரேட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது வால்வு' என்று ஆங்கிலத்தில் நீட்டி எழுதும்போது அதை 'டர்ன்' என்பதற்கும் 'ஆஃப்' என்பதற்கும் நடுவில் செருகினால், படிப்பவர் 'ஆஃப்' வருவதற்குள் களைத்துவிடுவார். அங்கே 'டர்ன் ஆஃப்' என்று முதலிலேயே முடித்துவிட்டு, நீளமானதைக் கடைசியில் வைப்பதுதான் வழக்கம்.

எது எந்த ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு உதவியது காதுதான், அக்கா சொன்ன அதே காது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்று ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர் சொல்லும்போது குரல் 'ஆஃப்' மேல் ஏறும். 'லுக் அட் இட்' என்னும்போது 'லுக்' மேல்தான் ஏறும். 'அட்' பாதி விழுங்கப்பட்டுவிடும். வாக்கி டாக்கியில் இரைச்சலுக்கு நடுவே எனக்குக் கேட்டதெல்லாம் கடைசியில் 'ஆஃப்!', 'அப்!', 'அவுட்!' என்கிற அழுத்தம்தான். குட்டிச் சொல் உரக்கக் கேட்டால் அது வினையின் ஆள், 'இட்' அதற்கு முன்னால்.

காது பழகும்வரை ஒரு குறுக்குவழி. 'அட்', 'ஃபார்', 'ஃப்ரம்', 'வித்', 'இன்டு', 'டு' இவை வந்தால் 'இட்' கண்ணை மூடிக்கொண்டு கடைசியில். 'லுக் இன்டு இட்', 'வெயிட் ஃபார் இட்', 'டீல் வித் இட்'. 'அவே', 'பேக்' இரண்டும் வந்தால் நடுவில். 'த்ரோ இட் அவே', 'சென்ட் இட் பேக்'. 'அவுட்' வந்தாலும் பெரும்பாலும் நடுவில்தான்: 'டேக் இட் அவுட்'. இத்தனையையும் மனப்பாடம் செய்யலாம், கூழாகாது. தொல்லை கொடுப்பவை 'ஆஃப்', 'ஆன்', 'அப்', 'டவுன்', 'இன்', 'ஓவர்', 'த்ரூ'. இவை இரண்டு பக்கமும் ஆடும்.

(இங்கே ஒரு சின்னக் குறிப்பு. ஒற்றை எஃப் போட்ட சொல்லையும் இரட்டை எஃப் போட்ட சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ஆஃப்' ஆகிவிடும். ஒற்றை எஃப் உள்ளதை 'ஆவ்' மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.)

இரண்டு பக்கமும் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஆள் ஒருவரே சாட்சி. இன்சுலேஷன் சுற்றிய குழாய் மேல் ஏறி நின்று ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் மேல் நிற்கக் கூடாது. கீழேயிருந்து சேஃப்டி ஆபீசர் 'கெட் ஆஃப் இட்!' என்று கத்தினார். இறங்கு என்று அர்த்தம். நம்மவர் காதில் அது 'கெட் இட் ஆஃப்' என்று விழுந்திருக்கிறது, அதாவது 'அதைக் கழற்று'. மனிதர் இறங்காமலே குனிந்து இன்சுலேஷனை உரிக்க ஆரம்பித்துவிட்டார். சொற்கள் அதே மூன்றுதான். 'இட்' இடம் மாறினால் இறங்குவது கழற்றுவதாகிவிடுகிறது.

என் சொந்தக் கதை இன்னும் மோசம். ஒரு கட்டடத்தில் பழைய சில்லரை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும் வேலை. ராத்திரியில் மட்டும்தான் செய்ய அனுமதி, இரண்டு வார வேலை. முதலாளிக்குக் கவலை, நான் சமாளிப்பேனா என்று. அவருக்குத் தைரியம் சொல்லி வாட்ஸாப்பில் எழுதினேன்: 'டோன்ட் வொர்ரி பாஸ், ஐ வில் சீ த்ரூ இட்.' கடைசிவரை நின்று முடித்துக் கொடுக்கிறேன் என்று நினைப்பு. பதில் வந்தது: 'சீ த்ரூ வாட்? யூ எக்ஸ்ரே ஆ?'

எனக்குப் புரியவில்லை. மறுநாள் அக்காவிடம் காட்டினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "'சீ இட் த்ரூ'ன்னா கடைசி வரைக்கும் நின்னு முடிக்கறது. 'சீ த்ரூ இட்'னா அதோட உள்குட்டைக் கண்டுக்கறது, ஏமாத்து வேலைன்னு தெரிஞ்சுக்கறது. உங்க பாஸ்கிட்ட 'உங்க வேலையில இருக்கற வேஷம் எனக்குத் தெரியும்'ங்கற மாதிரி எழுதியிருக்கீங்க." நல்லவேளை, முதலாளி நகைச்சுவை உள்ளவர். அடுத்த இரண்டு வாரமும் என்னை 'எக்ஸ்ரே' என்றுதான் கூப்பிட்டார்.

அந்த நாளுக்குப் பிறகுதான் பட்டியலை மூடி வைத்தேன். ஒரு சின்ன நோட்டு வாங்கி 'இட்' சேர்த்தே எழுத ஆரம்பித்தேன். 'டர்ன் ஆஃப்' என்று எழுதவே மாட்டேன், 'டர்ன் இட் ஆஃப்' என்றுதான் எழுதுவேன். 'லுக் ஆஃப்டர்' இல்லை, 'லுக் ஆஃப்டர் இட்'. நாக்கு அப்படியே பழகிவிட்டால் விதியை நினைக்க வேண்டிய தேவையே இல்லை. பக்கத்தில் அர்த்தத்துக்குப் பதிலாக, அன்றைய வேலையிலிருந்து ஒரு வரி. 'ஃபார்ம் வந்தது, ஃபில் இட் இன்'. 'கார்டில் காசு இல்லை, டாப் இட் அப்'. 'ரீடிங் எடுத்தேன், கீ இட் இன்'. 'சாவி அடுத்த ஷிஃப்டுக்கு, ஹேண்ட் இட் ஓவர்'. ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ. அன்று நான் கையால் தொட்ட விஷயம் மட்டும். ஆறு மாதத்தில் நோட்டு பாதிகூட நிரம்பவில்லை, ஆனால் எழுதியது எதுவும் மறக்கவில்லை.

மூன்று சொல் சேர்ந்து வருபவையும் இந்த வழியில் எளிதாகிவிடும். 'ரன் அவுட் ஆவ் இட்', 'புட் அப் வித் இட்', 'கம் அப் வித் இட்'. கடைசிச் சொல் எப்போதும் பெயரின் ஆள் என்பதால் 'இட்' கடைசியில்தான். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் 'வி ரேன் அவுட் ஆவ் கேஸ்'. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

'இட்' வைத்துப் பார்க்கிற பழக்கம் இன்னொரு பழைய தொல்லையையும் தீர்த்துவைத்தது. மின்னஞ்சலைக் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு சீ யூ' என்று முடிப்பேன். தப்பு. அங்கே 'டு'வுக்குப் பிறகு 'இட்' வைத்துப் பாருங்கள்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்'. உட்காருகிறது. 'இட்' உட்காரும் இடத்தில் வினையை வைத்தால் அதற்கு 'இங்' வால் வேண்டும்: 'டு சீயிங் யூ'. 'ஐ ஆம் யூஸ்டு டு இட்', அதனால் 'யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்'. 'ஐ வான்ட் டு இட்' என்று வைத்துப் பாருங்கள், உட்காராது. அங்கே வெறும் வினை போதும்.

டாமில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையன்கள் சிலர் என்னிடம் இதைக் கேட்க வருவார்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவந்து குழம்பு கொதிக்கும்போதுதான் வகுப்பு. ஒருவன், "அண்ணே, 'கிவ்'னா கொடு, 'அப்'னா மேல, ரெண்டும் சேந்தா எப்படிண்ணே விட்டுடறதுன்னு ஆகும்? இங்கிலீஷ்காரனுக்கே கிறுக்கு" என்றான்.

"நீ 'விட்டுக்கொடு'ன்னு சொல்றியே, அதுல எதை விடுற, எதைக் கொடுக்குற?" என்றேன்.

பையன் கரண்டியைப் பிடித்தபடி யோசித்தான். உண்மையிலேயே நம்மிடம் இது ஏராளமாக இருக்கிறது. 'கண்டுபிடி' என்பதில் கண்ணும் இல்லை, பிடியும் இல்லை. 'தள்ளிப்போடு' என்றால் எதையும் தள்ளவும் இல்லை, போடவும் இல்லை. ஆங்கிலக்காரர் 'புட் இட் ஆஃப்' என்பது அதைத்தான். 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்தால் 'பார்த்துக்கொள்', அது 'லுக் ஆஃப்டர்'. 'கையை விடு' என்றால் பிடித்த கையை விடுவது. நடுவிலிருக்கும் 'ஐ' போய் 'கைவிடு' ஆனால் நட்டாற்றில் விடுவது. ஓர் எழுத்து இருக்கும் இடத்தில் இவ்வளவு இருக்கிறது. இதையெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்பிக்கவில்லை. அம்மா "தம்பியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார், அவ்வளவுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: நாம் சேர்க்கிற துண்டுகளை யாரும் நடுவில் பிரிப்பதில்லை. ஆங்கிலம் பிரித்து இடையில் ஆளை உட்காரவைக்கிறது.

குட்டிச் சொல்லே தேவைப்படாத இடத்தில் போடுவதும், தேவைப்படும் இடத்தில் விடுவதும் தனிக் கதை. அதற்குக் காரணம் நம் வேற்றுமை உருபுகள். 'எனக்கு விளக்குங்கள்' என்பதை அப்படியே தூக்கி 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்கிறோம். வேண்டியது 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'. 'ரிப்ளை மீ' என்று இங்கே எல்லா இனத்தவரும் எழுதுகிறார்கள்; 'ரிப்ளை டு மீ' என்பதே முறை. ஆனால் 'டெல் மீ' சரி, 'டெல் டு மீ' தப்பு. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதில் உள்ள 'பற்றி' ஒட்டிக்கொண்டு வந்து 'டிஸ்கஸ் அபவுட் இட்' ஆகிறது; 'டிஸ்கஸ் இட்' போதும். இதற்கு எனக்கு ஒரு விதியும் கிடைக்கவில்லை. நோட்டில் 'மீ' சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன்.

ஊருக்கு ஊர் அர்த்தமும் மாறும். இங்கே பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தை 'பாஸ் அப்' செய்யச் சொல்வார்கள், ஆசிரியரிடம் கொடு என்று. நானும் அதைப் பிடித்துக்கொண்டு, சில்லரை இயக்கிப் பார்க்க வந்த பிரிட்டிஷ் இஞ்சினியரிடம் 'ஐ பாஸ்டு அப் தி ரிப்போர்ட்' என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அவர் ஊரில் வருகிற வாய்ப்பை வேண்டாம் என்று விடுவதுதான் 'பாஸ் அப்'. ரிப்போர்ட் எழுதவே மறுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். வெளிநாட்டாரோடு பேசும்போது 'ஹேண்டட் இட் இன்' என்று சொல்லிக்கொள்வது பத்திரம்.

கட்டுமான இடங்களில் நான்கு மொழியில் ஓர் அபாய அறிவிப்புப் பலகை மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'கீப் அவுட்' என்று இருக்கும். பையன்களுக்கு நான் அதை வைத்துத்தான் பாடம் தொடங்குவேன். 'கீப் அவுட்', நீ உள்ளே வராதே. 'கீப் தெம் அவுட்', அவர்களை உள்ளே விடாதே. 'கீப் அவுட் ஆவ் இட்', அந்த விவகாரத்தில் தலையிடாதே. பலகை ஒன்றுதான், 'தெம்'மோ 'இட்'டோ வந்து உட்காரும் இடத்தைப் பொறுத்து யார் வெளியே நிற்பது என்பது மாறுகிறது. மூன்றையும் சொல்லவைத்துவிட்டால் மீதி எளிது.

போன வாரம் அறந்தாங்கிப் பக்கத்துப் புதுப் பையன் ஒருவன் ஏ.ஹெச்.யூ. (குளிர்காற்றை அனுப்பும் இயந்திரம்) அறையிலிருந்து வாட்ஸாப் அனுப்பினான். வடிகட்டி முழுக்க அழுக்கு, படமும் கூடவே. கீழே 'ஐ டேக் அவுட் இட் அண்ட் வாஷ்' என்று எழுதியிருந்தான். 'டேக் இட் அவுட்' என்று மட்டும் பதில் போட்டேன். 'ஓகே அண்ணே' என்று வந்தது.

அரை மணி நேரம் கழித்து அவனே கேட்டான்: 'அண்ணே கழுவியாச்சு. புட் பேக் இட்டா, புட் இட் பேக்கா?'

'பேக் யாரோட ஆளு?' என்று கேட்டேன்.

டைப் செய்கிறான் என்று காட்டிக்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடி காட்டியது. கொஞ்ச நேரத்தில் வடிகட்டியை மாட்டி முடித்த படம் வந்தது. கீழே ஒரு வரி: 'புட் இட் பேக் ஆல்ரெடி.'